பால் குடிக்கக் கற்கும் குழந்தை

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்காது என்று நம் ஊர்களில் முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். இக்கூற்றில் உண்மை இல்லை. கருவறையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலுவைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. ஆனால் அப்பேச்சின் அடியில் கிடந்த அச்சத்தைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. மாதம் நிரம்பாமல் பிறந்த சிசுவை வீட்டில் வைத்துக் காப்பது எத்தனை அரிது என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். அச்சிசுக்களில் பல குளிராலும் பட்டினியாலும் மாண்டன. தாயிடத்தில் பால் இருந்தது. குழந்தைக்கு வாயும் இருந்தது. அவ்வாயால் பாலைக் குடிக்க அதற்குத் தெரியவில்லை.

37 வாரம் நிறைவதற்குமுன் பிறக்கும் குழந்தையைக் குறை மாதக் குழந்தை என்று வைத்தியர்கள் வகுத்திருக்கின்றனர். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்ததாகக் கணக்கு. பிறப்பவர் பத்துப் பேரில் ஒருவர் என்று கொள்ளலாம். இவர்களில் சுமார் 30 லட்சம் பேர் நம் பாரத நாட்டிலே பிறந்தவர்கள்; வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. ஆகவே இது எங்கோ எவர் வீட்டிலோ நடக்கும் அபூர்வ சம்பவம் என்று நம் சங்கத்து அங்கத்தினர்கள் எண்ணுதற்கில்லை. தறி வீட்டிலும் களத்து மேட்டிலும் பாடுபடும் குடும்பங்களுக்கு இது நேர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

நேர்ந்தபோது என்ன நடக்கிறது? குழந்தையை ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே எடுத்துச் சென்றுவிடுகின்றனர். குடும்பத்தார் வெளியே நடைபாதையில் துண்டை விரித்து அமர்கின்றனர். முதல் வாரம் உயிருக்கு அஞ்சிக் கழிகிறது. மூச்சு நிலைத்துவிட்டது, ஆபத்து நீங்கிற்று என்று டாக்டர் சொன்ன பிறகும் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதில்லை. "நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் எதற்காக வைத்திருக்கிறார்கள்?" என்று அங்குள்ளோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். பெரும்பாலும் அதற்கு விடை ஒன்றே. குழந்தை இன்னும் வாயால் குடிக்கக் கற்று முடிக்கவில்லை. அந்தக் கல்வி எப்படி நடக்கிறது, அதற்கு ஏன் அத்தனை நாள் வேண்டும் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம். காரணம் தெரியாத குடும்பம் அவசரப்படும். அந்த அவசரத்தால் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததுண்டு.

மூன்று வேலைகள்

பால் குடிப்பது பிறவியிலேயே வருவது, அதைக் கற்பிக்கவும் வேண்டுமோ என்று தோன்றலாம். மாதம் நிறைந்த குழந்தைக்கு அது ஓரளவு பொருந்தும். கருவில் இருக்கும்போதே குழந்தை நான்காம் மாத அளவில் தன்னைச் சூழ்ந்த பனிக்குட நீரை விழுங்கத் தொடங்கிவிடுகிறது. பின்னர் உதடு குவித்துச் சப்பவும் செய்கிறது. ஆகையால் சப்புதலும் விழுங்குதலும் அதற்குப் பழகிய தொழில்கள். கருவறையில் அது ஒருபோதும் செய்திராத வேலை ஒன்று உண்டு; காற்றை உள்ளிழுத்து மூச்சு விடுதல். பிறந்தவுடன் இந்த மூன்றாவது வேலையும் சேர்ந்துகொள்கிறது. பாலும் காற்றும் தொண்டை வரையில் ஒரே வழியில் வந்து, அங்கே பிரிந்து, பால் உணவுக் குழலிலும் காற்று மூச்சுக் குழலிலும் செல்லவேண்டும். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சு வழி கணப்பொழுது அடைபட்டுத் திறக்கவேண்டும்.

கைத்தறியில் அமரும் அன்பர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மிதியை மிதித்துப் பாவைப் பிரிக்க வேண்டும். பிரிந்த வழியிலே நாடா ஓட வேண்டும். பிறகு பலகை வந்து அடிக்க வேண்டும். கை தேர்ந்த நெசவாளர் இவற்றை எண்ணிச் செய்வதில்லை. புதிதாகத் தறியில் அமர்ந்த பிள்ளையோ மிதி முற்றும் இறங்குவதற்குள் நாடாவை விட்டுவிடுவான், இழைகள் அறுந்துபோகும். அறுந்த இழையை முடிந்துகொள்ளலாம். குழந்தையின் தொண்டையில் வரிசை தவறினாலோ பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பெரியவர்களுக்குப் புரை ஏறினால் இருமித் தீர்த்துக்கொள்வோம். ஒன்றரைக் கிலோ கூட இல்லாத சிசுவுக்கு இருமவும் வலுவிராது. அது இருமாமலே நீலம் பாரித்துப் போகும்.

இம்மூன்றையும் சேர்த்து நடத்தும் திறமை மூளையும் நரம்பும் முதிர முதிரத்தான் வருகிறது. 28 வாரத்துக்குமுன் பிறந்த குழந்தையிடம் சரியான சப்பும் முயற்சியே காணப்படுவதில்லை. அதற்கு முதலில் இரத்தக் குழாய் வழியே சத்து நீர் ஏற்றுகின்றனர். 28 முதல் 31 வாரம் வரையுள்ள குழந்தை விட்டுவிட்டுச் சப்பும். ஆனால் சப்புதலுக்கும் விழுங்குதலுக்கும் மூச்சுக்கும் இசைவு இராது. 32 முதல் 34 வாரத்துக்குள் அந்த இசைவு அரும்பத் தொடங்குகிறது. 34 வாரம் கடந்த குழந்தைகளில் பெரும்பாலானவை தாயின் மார்பில் நேரே குடிக்கத் தகுதி பெறுகின்றன. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் வழங்கும் படிமுறை இதுவே. ஆயினும் எல்லாக் குழந்தைகளும் பஞ்சாங்கம் பார்த்தாற்போல ஒரே நாளில் தேறுவதில்லை. ஸ்வீடன் தேசத்தில் உப்சாலா நகரில் நடந்த ஆராய்ச்சியில், 28 வாரப் பருவத்திலேயே மார்பைத் தேடிப் பற்ற முயன்ற குழந்தைகளைக் கண்டிருக்கின்றனர். முழு வயிற்றுக்கும் தாயிடமே குடிக்கும் நிலையை எட்டியது சராசரியாக 36 வாரத்தில். ஆகவே வாரக் கணக்கு ஒரு வழிகாட்டிதான். குழந்தையின் முகத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

குழாயிலிருந்து பாலாடைக்கு

ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரி ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவை நாம் சென்று பார்த்தோம். உள்ளே நுழையுமுன் கையை முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவச் செய்தனர். வெப்பம் பரப்பும் விளக்குகளின்கீழ் வரிசையாகச் சிசுக்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் பாதத்திலும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளந்து காட்டும் சிறு சிவப்பு விளக்குக் கட்டப்பட்டிருந்தது. சில குழந்தைகளின் வாயோரத்தில் சுமார் 2 மில்லி மீட்டர் பருமனுள்ள மெல்லிய குழாய் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அது நேரே இரைப்பைக்குச் செல்வது. சிசு மூக்காலேயே சுவாசிப்பதாகையால், மூச்சு வழியை அடைக்க விரும்பாமல் வாய் வழியாகவே குழாயை விட்டிருந்தனர்.

குழாயில் பால் கொடுக்கும் விதம் நம் கவனத்தை ஈர்த்தது. ஊசிக் குழலின் தண்டை எடுத்துவிட்டு, வெறும் குழலை உயர்த்திப் பிடித்து, அதில் பாலை வார்க்கின்றனர். பால் தன் கனத்தாலேயே மெல்ல இறங்குகிறது. தண்டால் அழுத்தித் தள்ளுவதில்லை. மடையைத் திறந்து நீரைத் தானே பாயவிடுவதற்கும், இறைத்துக் கொட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பயிரிடுவோர் அறிவர். 1400 கிராம் எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 150 மில்லி லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு வேண்டிய பால் 210 மில்லி லிட்டர். இரண்டு மணிக்கு ஒரு தரம் பன்னிரண்டு வேளையாகப் பகுத்தால் ஒரு வேளைக்கு 17½ மில்லி லிட்டர். அதாவது மூன்றரைத் தேக்கரண்டி. இந்த அளவைக்கூட முதல் நாளே கொடுத்துவிடுவதில்லை. சில துளிகளில் தொடங்கி, வயிறு ஏற்பதைப் பார்த்து, நாளுக்கு நாள் கூட்டுகின்றனர். அதன் பின்னர் அக்குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு இருபது கிராம் எடை ஏறினால் நர்ஸ்களின் முகம் மலர்கிறது.

இப்பால் தாயின் பாலாக இருத்தல் வேண்டும். பசும்பாலோ டப்பாப் பாலோ கொடுக்கப்படும் குறை மாதக் குழந்தைகளுக்குக் குடலின் சுவர் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் வரும் ஆபத்து அதிகம். தாய்ப்பால் அதற்குக் கவசம். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைத் தீட்டென்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் சில இடங்களில் இன்றும் இருக்கிறது. கன்றுக்குச் சீம்பாலின் அருமை தெரிந்த உழவர் வீட்டிலும் இது நடப்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. குழந்தை வாயால் குடிக்க முடியாத நிலையிலும், பருத்திப் பஞ்சில் நனைத்த ஒரு துளிச் சீம்பாலை அதன் கன்னத்தின் உட்புறத்தில் தடவுகின்றனர். குழந்தை அறியும் முதல் சுவை அதுவாகிறது.

குழாயிலே பால் இறங்கிக்கொண்டிருக்கையில் மற்றொரு வேலையும் நடக்கிறது. தாய் தன் மார்பிலுள்ள பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு, ஏறக்குறைய வெறுமையான அம்மார்பில் குழந்தையின் வாயை வைக்கிறாள். குழந்தை சப்புகிறது, ஒன்றும் பெருகி வருவதில்லை, ஆதலால் புரை ஏறும் அச்சமும் இல்லை. அதே சமயம் குழாய் வழியே வயிறு நிறைகிறது. வாய் அசைந்தால் வயிறு நிறையும் என்ற பாடம் இவ்வாறு பதிகிறது. பார்ப்பவருக்கு வீண் வேலையாகத் தோன்றும் இப்பயிற்சியால், குழாயை விட்டு வாய்க்கு மாறும் காலம் குறைகிறது, வீடு திரும்பும் நாளும் முன்னதாக வருகிறது என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டுள்ளனர்.

அடுத்த படியில் வருவது நமக்கெல்லாம் பழக்கமான பொருள். நம் வீடுகளில் வெள்ளியிலும் வெண்கலத்திலும், பிற்காலத்தில் எவர்சில்வரிலும் மூக்கு வைத்துச் செய்த பாலாடை, இன்று இந்திய ஆஸ்பத்திரிகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் அன்றாட உபகரணமாக இருக்கிறது. சில ஜில்லாக்களில் இதனைச் சங்கு என்றும் சொல்லுவர். எடை குறைந்த குழந்தைகளுக்கு உணவூட்டுவதைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, மார்பில் குடிக்க இயலாத குழந்தைக்குக் கிண்ணத்தாலோ கரண்டியாலோ பாலாடையாலோ ஊட்டலாம் என்று, பாலாடையின் பெயரையே சொல்லிக் குறிப்பிடுகிறது. பாட்டிமார் பெட்டியிலிருந்த பொருள் அந்த ஏட்டில் ஏறியது நமக்குப் பெருமையே. புட்டியைக் காட்டிலும் இதைக் கழுவிக் கொதிக்க வைப்பது எளிது. அழுக்குத் தங்கும் மூலை முடுக்கு இல்லை.

ஆனால் பாட்டிமார் அதனைப் பயன்படுத்திய முறையை ஆஸ்பத்திரியில் ஒப்புக்கொள்வதில்லை. காலை நீட்டி, குழந்தையை அதன்மேல் மல்லாத்தி, வாயைத் திறந்து ஊற்றுவது பழைய வழக்கம். ஊற்றுவது வேறு, ஊட்டுவது வேறு. இங்கே குழந்தை விழித்திருக்கும்போது மட்டுமே தொடங்குகின்றனர். துணியில் சுற்றி, தலையும் முதுகும் நிமிர்ந்திருக்க மடியில் வைத்து, பாலாடையின் மூக்கை வாயின் ஓரத்தில் உதட்டின்மேல் சாய்க்கின்றனர். பால் உதட்டைத் தொட்டு நிற்கிறது. குழந்தை நாக்கை நீட்டி அதனைச் சிறிது உறிஞ்சுகிறது; விழுங்குகிறது; மூச்சு விடுகிறது. மூன்றும் முடிந்தபின்தான் அடுத்த வாய். ஓர் அன்னையின் தாயார் அருகே நின்று, "இப்படிச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் விடிந்துவிடுமே, நர்ஸம்மா!" என்று ஆற்றாமையோடு கூறினார். அதற்கு நர்ஸ், "விடியட்டும், பாட்டி, அது கேட்டால்தான் கொடுக்க வேண்டும்" என்று பதில் சொல்லிவிட்டுத் தம் கையை அசைக்காமல் காத்திருந்தார்.

அது கேட்பதை எப்படி அறிவது? அழுகை கடைசி அடையாளம். அழும் குழந்தை ஏற்கெனவே தன் சக்தியைச் செலவிட்டுவிட்டது. அதற்கு முன்னரே கண் விழித்து அசைவது, கையை வாயிடம் கொண்டுபோவது, உதட்டைச் சப்புவது, கன்னத்தைத் தொட்ட பக்கம் திரும்பி வாயைத் திறப்பது முதலியவை தோன்றும். போதும் என்பதற்கும் குறிகள் உண்டு. புருவம் சுருங்கும், விரல்கள் விரியும், கடைவாயில் பால் வழியும், விக்கல் எடுக்கும், உடல் துவண்டு கண் சொருகும். இவற்றைக் கண்டவுடன் நிறுத்தி, மீதிப் பாலைக் குழாயிலே விடுகின்றனர். உதட்டைச் சுற்றி நீலம் படர்ந்தாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ அது அபாயக் குறி. ஒரு நாள் காலை முழு வேளையும் பாலாடையில் குடித்த குழந்தை மாலையில் களைத்து மறுபடியும் குழாய்க்குத் திரும்பும். இதனைப் பின்னடைவாகக் கருதிக் கலங்கும் பெற்றோர் பலர். நாற்றங்காலில் நாற்று முற்றும் முன் பிடுங்கி நட்டவர் எவரும் மேனி கண்டதில்லை. அதைப் போன்றதே இதுவும்.

பின்னர் தாயின் மார்பு. புட்டியில் குடிப்பது எளிது, மார்பில் குடிப்பது கடினம், ஆகவே குறை மாதக் குழந்தை முதலில் புட்டியில் தேற வேண்டும் என்று மேல்நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1980களில் அமெரிக்காவில் குழந்தைகளின் இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளந்து பார்த்தபோது அதற்கு நேர்மாறாகத் தெரியவந்தது. மார்பில் குடிக்கையில் மூச்சு சீராக இருந்தது. புட்டியில் குடிக்கையில்தான் குறைந்தது. காரணத்தை யூகிப்பது கடினமன்று. புட்டியின் பால் குழந்தை சப்பாதபோதும் சொட்டும்; மார்பிலோ வேகத்தைக் குழந்தையே பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. தேர்ந்த குழந்தை விநாடிக்கு ஒரு முறையாகப் பத்து முதல் முப்பது தரம் தொடர்ந்து சப்பி, இடையிடையே மூச்சும் விட்டுக்கொள்ளும். கற்கும் குழந்தை மூன்று தரமோ ஐந்து தரமோ மூச்சை அடக்கிச் சப்பிவிட்டு, நின்று இளைப்பாறும். அந்த இளைப்பாறுதலில் தாய் குழந்தையை உலுக்கவோ கன்னத்தை நிமிண்டவோ கூடாது.

தாயை வெளியே நிறுத்திய காலம்

பாரிஸ் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்த ஸ்தெபான் தார்னியே என்னும் வைத்தியர், 1878இல் அவ்வூர் மிருகக்காட்சிச் சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டு, அதே போன்றதொரு பெட்டியைச் சிசுக்களுக்காகச் செய்வித்தார். சில ஆண்டுகளில் இரப்பர்க் குழாய் மூலம் இரைப்பையில் பால் செலுத்தும் முறையையும் புகுத்தினார். அவருடைய மாணாக்கர் பியேர் புதேன், பெட்டியின் வெற்றியோடு வந்த ஒரு தீங்கையும் கண்டு எழுதினார். குழந்தையைப் பிரிந்திருந்த தாய்மாரிடம் பாலும் வற்றிற்று, நாளடைவில் அக்கறையும் வற்றிற்று என்பதே அது. தாய் அருகில் இருக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அவர் சொல் நெடுங்காலம் எடுபடவில்லை. தொற்று நோய்க்கு அஞ்சி, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தாய்மாரைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்தனர். 1950களில் மேல்நாடுகள் பலவற்றில், புரை ஏறிவிடும் என்ற பயத்தால், குறை மாதக் குழந்தைக்கு ஓரிரு நாள், சில வேளை மூன்று நாள்கூட ஒன்றும் கொடாமல் வைத்திருந்தனர் என்றால் இன்று நம்புவது அரிது. பட்டினியால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மூளைக்கே கேடு வரும் என்று தெரிந்த பின்னரே அவ்வழக்கம் மறைந்தது. பெரிய படிப்புப் படித்தவர்களும் அவசரத்துக்கு நேர் எதிரான குற்றத்தைச் செய்திருக்கிறார்கள்.

கண்ணாடிக் கதவு திறந்தது தென் அமெரிக்காவில். 1978இல் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில், பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளைக் கிடத்த வேண்டியிருந்த நிலையில், எட்கர் ரே என்ற வைத்தியர் குழந்தையைத் தாயின் வெற்று மார்பின்மேல் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிவிடச் செய்தார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போலிருந்ததால் அப்பெயரே நிலைத்தது. வறுமைக்கு வழியாகப் பிறந்த இந்த ஏற்பாடு செல்வ நாடுகளிலும் இன்று பரவியிருக்கிறது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து ஆஸ்பத்திரிகளில் 3,211 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஒரு பெரும் பரிசோதனையின் முடிவு 2021இல் வெளியாயிற்று. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட இக்குழந்தைகளில், உடல் நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்தவுடனே தாயின் மார்போடு சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 12 பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர். வழக்கமான முறையில் வைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 15.7 பேர் இறந்தனர். இடையிலேயே பலன் தெளிவாகிவிட்டதால் பரிசோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டனர்.

பால் குடிக்கக் கற்பதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மார்பின் சூட்டில் கிடக்கும் குழந்தை குளிரோடு போராடிச் சக்தியை இழப்பதில்லை. பாலின் மணம் எப்போதும் அதன் மூக்கருகே இருக்கிறது. பசித்து வாயசைக்கும் அந்தச் சில நிமிஷங்களைத் தாய் தவற விடுவதில்லை. தாய்க்கும் பால் அதிகம் சுரக்கிறது. தாய் உறங்கவோ உண்ணவோ செல்லும்போது தந்தையும் பாட்டியும் அத்தையும் முறை வைத்துச் சுமக்கலாம். நாம் பார்த்த பிரிவில் நடுவயதுள்ள ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு, பலமுறை துவைத்து மிருதுவான பருத்தித் துணியால் பேரக் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, அசையவும் அஞ்சி அமர்ந்திருந்தார்.

கூலியும் பாலும்

இத்தனையும் நடப்பதற்குத் தாய் ஆஸ்பத்திரியிலேயே இருக்கவேண்டும். முப்பதாம் வாரத்தில் பிறந்த குழந்தையென்றால் நான்கு வாரம், ஐந்து வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இங்கேதான் நம் குடும்பங்களில் முடிச்சு விழுகிறது. தறி வீட்டில் தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் பெரும்பாலும் பெண்கள் கை. அவர்கள் இல்லையேல் தறி பாதி நின்றுவிடும். பயிரிடுவோர் வீட்டில் நடவும் களையெடுப்பும் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. சம்பளத்துடன் 26 வாரப் பிரசவ விடுமுறை என்பது தொழிற்சாலையிலும் ஆபீசிலும் வேலைக்கமர்ந்த பெண்களுக்கு உள்ளது. வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவளுக்கு அது எட்டாது. ஆகவே இரண்டாம் வாரத்தில் வீட்டிலிருந்து ஆள் வருகிறது. குழந்தையை நர்ஸ்கள் பார்த்துக்கொள்கிறார்களே, நீ வந்து நான்கு நாள் வேலையைப் பார்த்துவிட்டுப் போ என்று அழைக்கின்றனர்.

நான்கு நாளில் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். குழந்தை நேரே குடிக்காத காலத்தில் தாய் இரவும் பகலுமாக இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், நாள் ஒன்றுக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தால்தான் சுரப்பு நிற்கும். எடுக்க எடுக்க ஊறும் கிணறு அது. நாளுக்கு இரண்டு மூன்று தடவையாகக் குறைந்தால் ஒரு வாரத்துக்குள் வற்றத் தொடங்கிவிடும். மீண்டும் ஊறச் செய்வது மிகுந்த பிரயாசை. குழந்தை குடிக்கக் கற்று முடித்த நாளில் குடிப்பதற்குப் பால் இல்லாமற்போவது எவ்வளவு பரிதாபம்! தார் சுற்ற வேறொருவரை அமர்த்தலாம்.

சிறிது காலம் பால் போதாத தாய்மாருக்குத் தாய்ப்பால் வங்கிகள் துணை செய்கின்றன. இந்தியாவில் முதல் வங்கி 1989இல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அம்மையாரின் முயற்சியால் ஏற்பட்டது. தமிழ்நாட்டிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் இவை நடைபெறுகின்றன. பால் மிகுதியாக உள்ள தாய்மார் விலையின்றிக் கொடுக்கின்றனர். கொடுப்பவரின் இரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரிச் சூட்டில் 30 நிமிஷம் வைத்துக் கிருமி நீக்கி, குளிரூட்டிக் காத்து, மிகச் சிறிய குழந்தைகளுக்கு முதலில் வழங்குகின்றனர். பல வீட்டுப் பாலை ஒன்று சேர்த்துச் சோதித்து முறைப்படி பகிரும் பால் சங்கத்தார்க்கு இவ்வேற்பாடு அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் அது கைமாற்றுத்தான். சொந்தத் தாயின் பாலுக்கு முழு ஈடாகாது.

நம் சங்கங்கள் இதில் செய்யக்கூடியது சிறிது உண்டு என்பது நமது அபிப்பிராயம். ஓர் அங்கத்தினர் வீட்டில் இத்தகைய பிரசவம் நேர்ந்தால், அவருக்குக் கொடுத்த பாவின் தவணையை நிர்வாகக் குழுவினர் கேளாமலே நீட்டித்துவிடலாம். கூலியில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுக்கலாம். அண்டைத் தறிக்காரர்கள் தார் சுற்றும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். நடவுக் காலத்தில் மாற்றாள் அனுப்பும் வழக்கம் கிராமங்களில் புதிதன்று. 2011இல் தொடங்கிய மத்திய அரசாங்கத் திட்டத்தின்படி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நோயுற்ற சிசுவுக்கு மருந்தும் பரிசோதனையும் போக்குவரத்தும் இலவசம். இதனை அறியாமல் நகையை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோர் இருக்கின்றனர். சங்கத்தின் காரியதரிசி இதை ஒரு முறை பொதுக்கூட்டத்தில் படித்துக் காட்டினாலும் பயன் உண்டு.

வீட்டுக்கு வந்தபின் சில வாரம் குழந்தை பாதி மார்பிலும் பாதி பாலாடையிலுமாகக் குடிக்கும். அது தூங்கிக்கொண்டே இருப்பதைச் சமர்த்து என்று எண்ணி விட்டுவிடாமல், இரண்டு மணி, அதிகமானால் மூன்று மணிக்கு ஒரு முறை எழுப்பவேண்டும். சீனித் தண்ணீர், தேன், சேனை, கழுதைப்பால் எதுவும் கூடாது. வெறும் தண்ணீரும் கூடாது. குடிக்க மறுத்தாலோ, உள்ளங்கால் சில்லிட்டாலோ, மூச்சு விடுகையில் விலாவின் கீழ்ப்பகுதி குழிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும். பாலாடையை ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் சோப்பிட்டுக் கழுவி, மூடிய பாத்திரத்தில் நீர் முழுகக் கொதிக்கவைத்து எடுத்து, முந்தானையாலோ துண்டாலோ துடைக்காமல், அப்படியே கவிழ்த்து உலர விடவேண்டும்.